விலாவில் எழுதிய ஊர்

நான் பேசியவற்றுள் சிறந்த பேச்சு, பச்சை குத்திக்கொள்வதை எதிர்த்துப் பேசியதுதான். அதற்கு மேடை இல்லை. வளைகுடா நாடொன்றில், கட்டடத் தொழிலாளர் தங்கும் முகாமில், இரண்டடுக்கு இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் ஏறி நின்று, தலை கூரையில் இடிக்காதபடி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பேசினேன். ஒருவர் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டி எனக்கு மணியடித்தார். முடித்தபோது அறை முழுவதும் கைதட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை, கைதட்டியவர்களில் பாதிப் பேரின் விலாவில் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

அவ்வகைத் தோல்வி எனக்குப் பழக்கமில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் திண்டுக்கல்லில் கல்லூரிப் பேச்சுப் போட்டி எங்கே நடந்தாலும் முதற்பரிசு என்னுடையது. இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள் என் எதிரணியில் அமர்ந்ததில்லை. என் ஊரான அகரத்தில் டவுன் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் இறங்குவதற்குள், கொடுத்த தலைப்பின் இரண்டு பக்கத்தையும் மனத்துக்குள் பேசி முடித்திருப்பேன். மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், கையை எப்போது உயர்த்த வேண்டும், முதல் மணி அடித்த பிறகு எந்த வாக்கியத்தை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு நடப்பதைப் போல இயல்பாகியிருந்தன. பட்டம் வாங்கினேன். கிணறு வற்றியது. கேடயங்களைப் பார்த்து வேலை தருவோர் எவரும் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டொன்றில், ஊரார் போன வழியில் நானும் விமானம் ஏறினேன்.

அங்கே எனக்கு ஸ்டோரில் வேலை. கேட்கிற சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும். போல்ட், நட், கயிறு, கையுறை. நாளெல்லாம் நான் பேசியவை இவ்வளவுதான். ஒரு மொழியில் மன்னனாக இருந்தவன் இன்னொரு மொழியில் ஊமையாவது எத்தகைய சிறுமை என்பதை அயல்நாட்டில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. மேற்பார்வையாளருக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒரே முகம். அறைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு வாய் திரும்பும்.

என் கட்டிலின் கீழ்த்தட்டில் இருந்தவன் அய்யலூர்க்காரன், என் வயதுதான். ஊரில் ஆட்டு வியாபாரிகளுக்கு வண்டி ஓட்டியவன், இங்கே உயரத்தில் சாரம் கட்டினான். என்னைப் ‘பேச்சாளரே’ என்று கூப்பிடுவான்; கோபம் வந்தால் ‘ஏலே’. அன்று நான் மேலே நின்று முழங்கியபோது கீழே படுத்திருந்த அவன் போர்வைக்குள்ளிருந்து கத்தினான்:

“ஏலே, மேல நின்னு ஆட்டாத. கட்டிலு ஒடஞ்சா மொதப் பெட்டி எனக்குத்தான்.”

அறை சிரித்தது. பெட்டி என்று அவன் சொன்னது சவப்பெட்டியை. அந்த மாதம் நாங்கள் வேறெதையும் பேசவில்லை.

நடந்தது இதுதான். ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், எங்களுக்கு அடுத்த முகாமில் இருந்தவர், நெஞ்சுவலி என்று படுத்து எழாமல் போனார். பல நாள் பிணவறையில் கிடந்த பிறகு பெட்டி ஊருக்குப் போனது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. பெற்றவள் கேட்கவில்லை, திறக்க வைத்து முகத்தைப் பார்த்தாள். அது அவள் மகன் இல்லை. பெட்டியோடு வந்த காகிதம் அத்தனையிலும் அவள் மகன் பெயர் இருந்தது. உள்ளே இருந்தது வேறொரு நாட்டு மனிதரோ, வேறொரு மாநிலத்து மனிதரோ. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போயிற்று. எத்தனையோ தந்திகளும் போன்களும் போயின. கடைசியில், யார் பெற்ற பிள்ளையோ என்று ஊரே சேர்ந்து அந்த உடலைப் புதைத்தது. அவள் மகன் எந்தப் பெட்டியில், எந்த ஊருக்குப் போனான் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அதன் பிறகுதான் எங்கள் அறையில் அந்த யோசனை எழுந்தது. உடம்பில் ஊர்ப் பெயரைக் குத்திக்கொள்வோம். அட்டை தொலையும், காகிதம் மாறும், தோல் மாறாது. சமையற்கூடத்துக்குப் பின்னால் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் கமுக்கமாகக் குத்திவிடுகிறாராம். அந்த நாட்டில் அது கூடாத தொழில். ஆனால் வெள்ளிக்கிழமை அவரிடம் வரிசை நிற்கிறதாம்.

நான் எதிர்த்தேன். சாவதற்கு ஒப்புக்கொண்டு நம் கையெழுத்தை நம் தோலிலேயே போட்டுக் கொடுப்பதா என்று கேட்டேன். எவர் எவர் எங்கே கிடத்தப்பட்டிருக்கிறார் என்று கணக்கு வைத்திருப்பது கம்பெனியின் கடமை; அந்தக் கடமையை நம் விலாவுக்கு மாற்றி எழுதுவதா என்று கேட்டேன். மனிதனை மனிதன் அறிவது தோலால் அன்று, சொல்லால் என்று முடித்தேன். கைதட்டினார்கள். பிறகு போய்க் குத்திக்கொண்டார்கள்.

மறுவாரம் அம்மாவிடம் போனில் பேசினேன். ரெட்டியார்சத்திரத்துக் குடும்பம் எங்களுக்குச் சம்பந்தி வழியில் உறவு. அம்மா அந்தச் சாவுக்குப் போயிருந்தார். பெட்டி திறந்தபோது அருகில் நின்றிருந்தார். எங்கள் வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவக் குடும்பம். அம்மா சாவைப் பற்றிப் பேசக் கிழமை பார்ப்பதில்லை.

“உங்க ரூம்ல எல்லாம் பச்சை குத்திக்கிட்டாகளாமே. நீ குத்துனயா?”

இல்லை என்றேன். ஏன் குத்தவில்லை என்பதற்கு, கட்டில் மேல் நின்று சொன்ன காரணங்களைச் சுருக்கி, அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். அம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

“எல்லாஞ் சரிதான்யா. நீ வாயத் தொறந்தா ஆயிரம் பேருக்குள்ள எம்புள்ளைன்னு நான் சொல்லிருவேன். வாய மூடிக் கெடந்தா எத வச்சுய்யா சொல்றது?”

மேடையில் எனக்கு அப்படியொரு கேள்வியை எவரும் வைத்ததில்லை. தொலைபேசி அட்டையில் இன்னும் நேரம் இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அய்யலூர்க்காரனும் நானும் போனோம். முந்தைய வாரங்களில் அவனுக்கு வேலை ஓய்வு கிடைக்காததால் அவனும் குத்தாமல்தான் இருந்தான். சமையற்கூடத்துச் சுவரோரம், எண்ணெய் டின்களுக்கு நடுவில், பிலிப்பைன்ஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய வாக்மேனின் மோட்டார், பால்பாயிண்ட் பேனாவின் குழல், கிட்டார் கம்பியைத் தீட்டிச் செய்த ஊசி. எல்லாவற்றையும் டேப் சுற்றிக் கட்டியிருந்தார். எங்களுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு எங்கள் மொழி தெரியாது. எங்கே குத்த வேண்டும் என்று தம் உடம்பைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

“கையில வேணாம்,” என்றான் அய்யலூர்க்காரன் என்னிடம். “கை தனியாப் போயிரும். சாரத்துல பாத்திருக்கேன். மூஞ்சிக்கும் கேரண்டி இல்ல. எல்லாரும் குத்துன மாதிரி விலாதான் தோது. அக்குளுக்குக் கீழ.”

“இறைச்சிக்கடைக்காரனைப் போலப் பேசுகிறாய்.”

“ஆட்டு வண்டி ஓட்டுனவன் வேற எப்பிடிப் பேசுவான்? எங்கூர்ச் சந்தையில கொம்புல சாயம் அடிப்பாய்ங்க. மழை பெஞ்சா அது போயிரும். அதுக்காகக் காதுலயும் ஒரு கீறு போட்டுருவாய்ங்க. உனக்கும் காதுல ஒண்ணு கீறச் சொல்லவா பேச்சாளரே?”

நான் ஒரு தாளில் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதி நீட்டினேன். அவன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

“ஏலே, இதப் படிக்கப் போறது நீயா நானா? ஆஸ்பத்திரிக்காரன். அவனுக்கு உன் தமிழு தெரியுமா? இல்ல, பொணமா எந்திரிச்சு ஒக்காந்து நீயே பதவுரை சொல்லுவியா?”

எந்த மொழிக்காக மேடை மேடையாகத் தொண்டை வறளப் பேசினேனோ, அந்த மொழியில் எழுதினால் என் உடல் ஊர் போய்ச் சேராது. அதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதிக் கொடுத்தேன். மேல் வரியில் திண்டுக்கல். அது இருவருக்கும் பொது. கீழ் வரியில் எனக்கு அகரம், அவனுக்கு அய்யலூர். பெயர் வேண்டாம் என்றான். பெயர் எவனுக்கும் இருக்கும், ஊர் போய்ச் சேர்ந்தால் போதும், அங்கே பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்றான்.

விலா எலும்பின் மேல் தோல் மெல்லியது. ஊசி தோலில் இறங்கவில்லை, எலும்பிலேயே எழுதுவது போலிருந்தது. மோட்டார் இரைச்சலுக்கு மேல் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு அய்யலூர்க்காரன், “இம்புட்டுத்தானா உங்க தொண்டை? இன்னும் ரெண்டு ஊரு சேத்துக் குத்தச் சொல்லவா?” என்று சிரித்தான். அவன் முறை வந்தபோது ஒரு சத்தமும் போடவில்லை. ஆனால் முடியும்வரை என் கையைப் பிடித்திருந்தான். விட்ட பிறகு விரல்களை மடக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன். “வீட்டில் சொல்லிவிட்டாயா?”

“நீ வேற. நமக்கு லீவு வெள்ளிக்கெழம, போனும் வெள்ளிக்கெழம. அவ தலைக்குக் குளிச்சு, வெளக்கேத்திட்டு வந்து போன எடுப்பா. இங்க ஒருத்தன் காய்ச்சல்ல கெடக்கான்னு சொன்னாலே, ‘நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு, வாயக் கழுவுங்க’ம்பா. அவகிட்டப் போயி, சாவுக்கு அடையாளம் குத்திக்கிட்டேன்னு சொல்லச் சொல்றியா?”

“எப்படியும் தெரியத்தானே போகிறது.”

“லீவுக்குப் போறப்ப சட்டையக் கழட்டுனா அவளே பாத்துக்குவா. அன்னைக்கு ஒரு திங்கக்கெழமையாப் பாத்துக் கழட்டிக்கிறேன்.”

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். எந்தப் பக்கம், அக்குளுக்கு எவ்வளவு கீழே, எம்புட்டு நீளம், என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தமது விலாவில் கைவைத்து அளந்து பார்க்கிறார் என்பது அவர் பேச்சின் இடைவெளியிலேயே தெரிந்தது. பிறகு “சரிய்யா” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல் இன்றைக்கும் என்னைக் குலைக்கிறது.

கோடை முடிவதற்குள் சாரம் சரிந்தது. காற்று என்றார்கள், கட்டு சரியில்லை என்றார்கள். மேலிருந்தவர்கள் லிஃப்டுக்காக விட்டிருந்த குழிக்குள் விழுந்தார்கள். மூவர் இறந்தார்கள். மறுநாள் கம்பெனி என்னையும் இன்னொருவரையும் பிணவறைக்கு அழைத்துப் போயிற்று. மூவருக்கும் முகம் இல்லை. கால் கட்டைவிரலில் சீட்டுக் கட்டியிருந்தார்கள். அய்யலூர்க்காரனின் பெயர் எழுதிய சீட்டு, விலாவில் பச்சையே இல்லாத ஓர் உடலின் காலில் இருந்தது; அது ஒரு நேபாளி என்று பிறகு தெரிந்தது.

அடுத்த இழுப்பறையை இழுக்கச் சொன்னேன். துணியை விலக்கி, இடக்கையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு வரி. என் விலாவில் இருந்த அதே எழுத்து, அதே சாய்வு. அங்கிருந்த குமாஸ்தா குனிந்து, எழுத்துக் கூட்டித் திண்டுக்கல் என்று படித்தார். தம் வாழ்நாளில் கேட்டிராத ஓர் ஊரின் பெயரை அவர் பிழையின்றிப் படித்து, சீட்டை அவிழ்த்து, சரியான காலில் கட்டினார். அய்யலூர்க்காரன் எதற்காக அந்த வலியைத் தாங்கினானோ அது நடந்தேறியது. என் பேச்சு தோற்றது நல்லதே என்று அந்த அறையில் நின்று நினைத்தேன்.

காகிதங்கள் தயாராகப் பல வாரங்கள் ஆயின. எனக்கு விடுப்புக் கொடுத்து, பெட்டியோடு போகச் சொன்னார்கள். திருச்சியில் இறங்கி, வண்டி பிடித்து, மணப்பாறை தாண்டி அய்யலூரை நெருங்கும்போது சாலை நெடுக ஆடு ஏற்றிய வண்டிகள் எதிரே வந்தன. வியாழக்கிழமை, சந்தை நாள். ஒரு சரக்கு வண்டி ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டது. ஓட்டியவன் பெட்டியைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தான். அவனுக்குத் தெரிந்தவனாக இருக்கலாம்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவன் மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இறந்தான் என்ற செய்தி வந்து பல வாரம் ஆகியும் அவர் அழவில்லை என்று அவருடைய அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். பெட்டியைப் பார்க்காமல் அழமாட்டேன் என்றாராம். ரெட்டியார்சத்திரத்துக் கதை மாவட்டம் முழுவதும் பரவியிருந்தது.

பெட்டியை உடைத்துத் திறந்தார்கள். மருந்து நெடியில் கூட்டம் பின்வாங்கியது. முகத்தைத் துணி சுற்றி மூடியிருந்தது. அவிழ்க்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பல வாரக் குளிரில் தோல் கறுத்து, உடம்பு எவருடையதோ போலிருந்தது. “அடையாளம் இருக்கிறது,” என்றேன். குரலில் கொஞ்சம் பெருமிதமும் இருந்திருக்க வேண்டும். இடப்பக்கத்துத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டினார்கள்.

அவன் மனைவி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

“இது அவுக இல்ல,” என்றார். “அவுக ஒடம்புல பச்சையே கெடையாது.”

கூட்டம் பேரிரைச்சலாயிற்று. “அப்பவே சொன்னேன், இவய்ங்க ஆள மாத்தித்தான் அனுப்புவாய்ங்க,” என்றது ஒரு குரல். அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். நான் கையை உயர்த்தி, அன்புகூர்ந்து அனைவரும் செவிமடுக்க வேண்டும் என்று தொடங்கினேன். பழக்கம். “யோவ், இது என்ன மேடையாய்யா?” என்று யாரோ அதட்டினார்கள்.

அங்கேயே சட்டையைக் கழற்றி என் விலாவைக் காட்டினேன். நாங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் குத்திக்கொண்டது என்றேன். அவன் மனைவி என் விலாவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு. இப்பிடி இன்னும் எத்தன பேருக்கு இருக்கு?”

“நிறையப் பேருக்கு. மேல் வரி ஒன்றுதான். கீழ்வரி வேறு. இங்கே அய்யலூர் என்று எழுதியிருக்கிறது.”

அண்ணன் எழுத்துக் கூட்டிப் பார்த்து, ஆமாம் என்றார்.

“எழுத்து எவன் வேணா எழுதலாம்ண்ணே. வாரம் தவறாமப் பேசுவாக. ஒரு சட்ட வாங்குனாக்கூடச் சொல்லுவாக. எங்கிட்டச் சொல்லாம ஒடம்புல இம்புட்டு எழுத்த எழுதிக்குவாகளா?”

அதற்கான விடை என்னிடம் இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர், “சரி, யாரு பெத்த புள்ளையோ, நாமளே அடக்கம் பண்ணிருவோம், அவன் எங்கனயாச்சும் உசுரோட இருப்பான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த பெண்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவன் சொந்த வாசலிலிருந்தே அநாதையாகப் போவான். அவன் மனைவி அவனுக்காக வருடக்கணக்கில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனருகில் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால், அவன் மறைத்ததன் காரணத்தை அவர் சாகும்வரை சுமப்பார். இரண்டு பக்கமும் பேசிப் பழகியவன் நான். அன்று ஒரு பக்கமும் பேச விரும்பவில்லை.

“சொல்ல நினைத்தான்மா,” என்றேன். “போன் பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். சாவுப் பேச்சை எடுத்தால் நீங்கள் திட்டுவீர்களாம். நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு, வாயக் கழுவுங்க என்பீர்களாம். விடுப்பில் வந்து ஒரு திங்கட்கிழமையாகப் பார்த்துச் சட்டையைக் கழற்றிக் காட்டிக்கொள்கிறேன் என்றான்.”

அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் போயிற்று. வேறு எதுவும் மாறவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டு, அந்த இரண்டு வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

“வாயக் கழுவுங்கன்னுதான் சொல்லுவேன்,” என்றார். எங்கள் யாரிடமும் இல்லை, பெட்டியிடம். “வேற யாருக்குத் தெரியும் அது.”

தெருக்கோடியிலிருந்து சந்தை ஆடுகளின் சத்தம் விட்டு விட்டு வந்தது. பிறகு தலை தூக்காமல் அண்ணனைக் கேட்டார்.

“இன்னைக்கு வியாழக்கெழமதான?”

“ஆமாத்தா.”

“அப்ப அழுகலாம்ல,” என்றார்.

மறுநாள் வெள்ளி என்பதால், பொழுது சாயும் முன்னரே எடுத்துவிட்டார்கள்.